‘விட்டுக்கொடு’ தெரிந்தால் ‘கிவ் இன்’ வரும்: ஃப்ரேசல் வெர்ப் பழக ஒரு வேலூர் வழி

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு லாட்ஜ். இரவு ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த பையன் என் மாலை வகுப்பில் படிக்கிறவன். பதினொன்றரை மணிக்கு, கொல்கத்தாவிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெண் மாடியிலிருந்து ஓடிவந்து, ‘மை மதர் ஹேஸ் பாஸ்ட் அவுட்’ என்றாள். பையன் அரை நிமிடம் அப்படியே நின்றுவிட்டான். அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்து, வீல் சேரைத் தள்ளிக்கொண்டு ஓடினான். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையிலிருந்து சாப்பிடாமல் ஆஸ்பத்திரி டோக்கனோடு அலைந்ததில் மயங்கி விழுந்திருக்கிறார்.

மறுநாள் வகுப்பில் சொன்னான்: “நம்ம ஊர்ல பாஸ் அவுட்னா டிகிரி முடிக்கிறதுதானே சார்? இந்த வயசுல அம்மா எந்த காலேஜ்ல பாஸ் அவுட் ஆனாங்கன்னு ஒரு செகண்ட் குழம்பிட்டேன்.”

சிரிப்பு அடங்கிய பிறகு யோசித்தால், அவன் தப்பு ஒன்றுமில்லை. ‘பாஸ்’ அவனுக்குத் தெரியும், ‘அவுட்’ தெரியும். இரண்டும் சேர்ந்தால் மயக்கம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. ‘பாஸ் அவே’ என்றால் காலமாவது, ‘பாஸ் ஆன்’ என்றால் சேதியையோ பொருளையோ அடுத்தவரிடம் சேர்ப்பது, ‘பாஸ் பை’ என்றால் கடந்துபோவது. பின்னால் வருகிற குட்டிச்சொல் மாறினால் மயக்கம் மரணமாகிவிடுகிறது. இந்த ஜோடிகளைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள்.

நம் ஊருக்கு இது பரீட்சைக்கான சமாச்சாரம் மட்டுமில்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருந்தகம்தான் வளர்ந்து இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை ஆனது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகைகளே வங்காள எழுத்தில் இருக்கின்றன. மருந்துக் கடையிலும் மெஸ்ஸிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும், இந்தி வராத இடத்தில் ஆங்கிலம்தான் கைகொடுக்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிக்காரர்கள் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரோடு போனில் பேசுகிறார்கள். காட்பாடிப் பக்கம் இஞ்சினியரிங் பிள்ளைகள் இன்டர்வியூவுக்குத் தயாராகிறார்கள். நர்ஸிங் முடித்த பெண்கள் லண்டன் பக்கம் போகப் பெட்டி கட்டுகிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் இலக்கணம் ஓரளவு வரும். மாட்டிக்கொள்வது இந்தக் குட்டிச்சொல்லில்தான்.

பத்து வருடமாக மாலை வகுப்பு எடுத்ததில் எனக்குப் பிடிபட்ட வழியை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழைப் பாருங்கள்

முதல் மூன்று நாள் என் வகுப்பில் ஆங்கிலமே கிடையாது. ‘விட்டுக்கொடு’ என்று போர்டில் எழுதுவேன். தமிழ் கற்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரருக்கு இதை விளக்குங்கள் என்பேன். அவருக்கு ‘விடு’ தெரியும், ‘கொடு’ தெரியும். எதை விட்டு எதைக் கொடுப்பது என்று கேட்பார். ‘கண்டுபிடி’ அதைவிட மோசம். கண்டு, பிடித்து, அப்புறம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமா என்பார். ‘ஏமாந்துபோனேன்’ என்றால் எந்த ஊருக்கு என்பார்.

நமக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. ‘தம்பிக்கு விட்டுக்கொடுடா’ என்று அம்மா பொம்மையைப் பிடுங்கியபோது அர்த்தம் அழுகையோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. பிரித்துப் பார்க்கவில்லை, அகராதி புரட்டவில்லை. சொல் முழுதாக, ஒரு சம்பவத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஃப்ரேசல் வெர்ப்பும் அப்படித்தான் வரும், வேறு எப்படியும் வராது. இந்த வழிகாட்டியில் மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

நாலாம் நாள் ஜோடி சேர்க்கத் தொடங்குவோம். விட்டுக்கொடு என்பது ‘கிவ் இன்’. கைவிடு என்பது ‘கிவ் அப்’. தள்ளிப்போடு, ‘புட் ஆஃப்’. பொறுத்துக்கொள், ‘புட் அப் வித்’. தீர்ந்துபோ, ‘ரன் அவுட்’. ஒத்துப்போ, ‘கெட் அலாங்’. பார்த்துக்கொள், ‘லுக் ஆஃப்டர்’. காக்கா பிடிப்பதற்குக்கூட அவர்களிடம் ‘பட்டர் அப்’ இருக்கிறது. நாம் ஐஸ் வைக்கிறோம், அவர்கள் வெண்ணெய் தடவுகிறார்கள். பந்தா காட்டுவது ‘ஷோ ஆஃப்’.

ஒன்று கவனியுங்கள். ‘புட் ஆஃப்’ என்பதை நான் ‘ஒத்திவைத்தல்’ என்று சொல்லித்தரவில்லை. அது கோர்ட் தமிழ். வீட்டில் நாம் ‘தள்ளிப்போடு’ என்றுதான் சொல்கிறோம், அவர்கள் வீட்டிலும் ‘புட் ஆஃப்’தான். பேச்சுச் சொல்லுக்குப் பேச்சுச் சொல்லைத்தான் இணை வைக்க வேண்டும்.

நமக்கு மட்டும்தான் இது கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 1755-ல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, வினையோடு குட்டிச்சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வகைதான் அயலாருக்கு மிகப் பெரிய தொல்லை என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

இரண்டாம் படி: ஏற்கெனவே தெரிந்ததைக் கணக்கெடுங்கள்

யாருமே பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. ஒரு தாளில், தமிழ் பேசும்போதே தினமும் வாயில் வருகிற இவற்றை எழுதிப் பாருங்கள்: பில்டப், செட்டப், கெட்டப், மேக்கப், செக்கப், பிக்கப், பிரேக்கப், லாக்கப், பேக்கப், கட் அவுட், பிரேக் டவுன், ஒர்க் அவுட். இவை எல்லாமே ஃப்ரேசல் வெர்ப் குடும்பத்துப் பிள்ளைகள். ‘ஓவரா பில்டப் கொடுக்காதே’ என்கிறோமே, ‘பில்ட் அப்’ என்றால் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்து ஏற்றுவது. ‘அந்தப் பிளான் ஒர்க் அவுட் ஆகாது’ என்று சொல்கிறவர், ‘இட் வோன்ட் ஒர்க் அவுட்’ என்ற அசல் ஆங்கிலத்தைத்தான் சொல்கிறார்.

சில பிள்ளைகள் நம் ஊருக்கு வந்து ஆள் மாறிவிட்டன. ‘கெட் அப்’ வினையாக வந்தால் படுக்கையிலிருந்து எழுவது. பெயராக வந்தால்தான் வேஷம். ‘பேக் அப்’ என்றால் சாமான்களை எடுத்துக் கட்டுவது. நமக்கோ ஷூட்டிங் முடிவதும் ஆளைக் கிளப்புவதும். ‘செட்டப்’ நம் பேச்சில் என்னென்ன அர்த்தம் எடுத்திருக்கிறது என்பதை இங்கே எழுத முடியாது. ஆங்கிலத்தில் ‘ஹீ செட் அப் எ கிளினிக்’ என்றால் மனிதர் மரியாதையாக ஒரு கிளினிக் தொடங்கினார் என்றுதான் பொருள்.

மூன்றாம் படி: எத்தனை வேண்டும், எவை வேண்டும்

ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப் என்று அட்டையில் போட்ட புத்தகத்தைப் பழைய பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்து என்னிடம் காட்டுவார்கள். ‘ஏ’ வரிசையில் ஆரம்பித்து ‘பி’ தாண்டியவரை இதுவரை நான் பார்த்ததில்லை. அவ்வளவு தேவையும் இல்லை. பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸ் என்ற தொகுப்பை அலசி 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் வருகிற ஃப்ரேசல் வெர்ப்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் 25 ஜோடிகள்தான். 100 ஜோடிகளை எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேல் அடங்கிவிடுகிறது. ‘கோ ஆன்’, ‘பிக் அப்’, ‘கம் பேக்’, ‘ஃபைண்ட் அவுட்’ மாதிரி சாதாரணமானவைதான் முன்வரிசையில் நிற்கின்றன.

ஆக, இலக்கு நூறு. வாரத்துக்கு ஐந்து என்றால் இருபது வாரம். எந்த ஐந்து என்பதை உங்கள் வேலை சொல்லட்டும்.

லாட்ஜ் பையனுக்கு ‘செக் இன்’, ‘செக் அவுட்’, ‘ஃபில் இன்’, ‘ஹோல்ட் ஆன்’. வெந்நீர் தீர்ந்தால் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஹாட் வாட்டர்’, ஸ்டேஷனில் கொண்டுவிட ‘டிராப் ஆஃப்’. ஷூ கம்பெனியில் இருப்பவருக்குப் போட்டுப் பார்ப்பது ‘ட்ரை ஆன்’, தேய்ந்துபோவது ‘வேர் அவுட்’, புது ஷூவைக் காலுக்குப் பழக்குவது ‘பிரேக் இன்’. இந்தக் கடைசிச் சொல்லை எச்சரிக்கையோடு சொல்லித்தருவேன். திருடன் கதவை உடைத்து உள்ளே நுழைவதும் அதே ‘பிரேக் இன்’தான்.

மருத்துவமனை ஆங்கிலம்தான் எங்கள் ஊரின் சுரங்கம். எக்ஸ்ரே அறைக்குள் போனவருக்கே ஒரு பாடம் முடிந்துவிடுகிறது: ‘டேக் ஆஃப் யுவர் ஷர்ட்’, ‘லை டவுன்’, ‘பிரீத் இன்’, ‘பிரீத் அவுட்’, ‘சிட் அப்’. இவை டாக்டர் சொல்வது, ஆகவே புரிந்துவிடும். நோயாளி சொல்வதுதான் சிக்கல். நர்ஸிங் புத்தகத்தில் ‘வாமிட்டிங்’ இருக்கும். நோயாளியோ ‘ஐ த்ரூ அப் ட்வைஸ்’ என்பார். ஜுரம் இறங்கினால் ‘கோ டவுன்’, உடம்பெல்லாம் தடித்தால் ‘பிரேக் அவுட் இன் எ ராஷ்’. பிரிட்டனுக்குப் போகிற நர்ஸ்கள் பெரும்பாலும் ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வை எழுத வேண்டும். ஓ.இ.டி. பேச்சுத் தேர்வில் எதிரே ஒருவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். அவர் மருத்துவப் பாடப்புத்தக மொழியில் பேச மாட்டார்.

என்னிடம் படித்துப் போன ஒரு பெண் அங்கே முதல் வாரத்தில் நடந்ததைப் போனில் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அம்மாவைப் பற்றி மகன் கேட்டிருக்கிறார்: ‘ஹேஸ் ஷீ கம் ரவுண்ட்?’ இவள் ஸர்ஜன் பெண்மணி ரவுண்ட்ஸ் வந்தாரா என்று கேட்பதாக நினைத்து, ‘நோ சார், ஷீ வில் கம் டுமாரோ மார்னிங்’ என்று நம்பிக்கையாகச் சொல்லிவிட்டாள். ‘கம் ரவுண்ட்’ என்றால் மயக்கம் தெளிவது. அம்மாவுக்கு நாளைக் காலையில்தான் நினைவு திரும்பும் என்று கேட்ட மகனின் முகம் எப்படி இருந்திருக்கும்! “அண்ணா, அவரு மூஞ்சி வெளுத்துப்போச்சுண்ணா” என்றாள். அந்த வாரமே இன்னொன்று: ‘த பெயின்கில்லர் ஹேஸ் வோர்ன் ஆஃப்’. ‘வேர்’ என்றால் உடுத்துவது, ‘ஆஃப்’ என்றால் நிறுத்துவது என்று சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது. மாத்திரையின் வேகம் அடங்கிப்போய் வலி திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

நான்காம் படி: நோட்டு எழுதும் விதம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று கோடு போட்டு எழுதுகிற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அந்த நோட்டுகள் அழகாக இருக்கும், ஆனால் பேசும்போது உதவாது.

அந்த நர்ஸ் பெண்ணின் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது. மேலே: ‘பெட் 6, ராத்திரி 2 மணி, தாத்தா முனகினார்’. அதன் கீழே அவர் சொன்ன வாக்கியம் முழுதாக: ‘நர்ஸ், த பெயின்கில்லர் ஹேஸ் வோர்ன் ஆஃப்.’ அதற்குக் கீழே நம் வீட்டுத் தமிழ்: ‘மாத்திரை வேகம் அடங்கிடுச்சு’. பிறகு ஒரு வரி விட்டு அவளே கட்டிய வாக்கியம்: ‘த கூலிங் ஆஃப் த ஏசி வோர் ஆஃப்’ என்று எழுதி, நான் அடித்துத் திருத்தியிருக்கிறேன். ஏசிக்கு இது பொருந்தாது. மருந்து, வலி, மயக்கம், புதுசின் மவுசு இவைதான் ‘வேர் ஆஃப்’ ஆகும். திருத்தத்துக்குப் பின் அவள் எழுதியது: ‘த எக்ஸைட்மென்ட் ஆஃப் மை நியூ போன் வோர் ஆஃப் இன் எ வீக்.’ அருமையான வாக்கியம். அடித்த வரியையும் அப்படியே விட்டுவைக்கச் சொன்னேன். தப்பு கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால்தான் எல்லை எங்கே என்று தெரியும்.

ஒரே வினையின் குடும்பத்தை ஒரே நாளில் எழுதாதீர்கள். இந்தத் தவறை நானே ஆரம்பத்தில் செய்தேன். ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் ஃபார்’, ‘லுக் இன்டு’, ‘லுக் அப்’ நாலையும் வரிசையாக ஒரே மாலையில் நடத்தினேன். அடுத்த வாரம் ஒரு பையன் எழுந்து, ‘ஐ ஆம் லுக்கிங் ஆஃப்டர் எ ஜாப்’ என்றான். வேலையே கிடைக்காதவன் வேலையைப் பராமரித்துக்கொண்டிருந்தான். தேடுவது ‘லுக் ஃபார்’. ஒரே முகச்சாயல் உள்ள நாலு பேரை ஒரே கல்யாணத்தில் அறிமுகப்படுத்தினால் யார் பெரியப்பா, யார் சித்தப்பா என்று குழம்பத்தான் செய்யும். ஒவ்வொருவராக, வெவ்வேறு வாரத்தில், வெவ்வேறு காட்சியில் வரட்டும்.

எழுதியதைத் திரும்பப் பார்ப்பது மறுநாள் ஒரு தடவை, மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. தமிழ் வரியை மட்டும் பார்த்து ஆங்கில வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண்ணால் படித்துத் தலையாட்டினால் கணக்கில் சேராது.

ஐந்தாம் படி: ‘இட்’ எங்கே உட்காரும்

இலக்கணத்தில் இங்கே ஒரே ஒரு இடத்தில் கண்டிப்பாக இருங்கள். ரிப்போர்ட்டை வாங்கிக்கொள் என்பதற்கு ‘பிக் அப் த ரிப்போர்ட்’ என்றும் சொல்லலாம், ‘பிக் த ரிப்போர்ட் அப்’ என்றும் சொல்லலாம். ரிப்போர்ட் போய் ‘இட்’ வந்துவிட்டால் இடம் நடுவில் மட்டும்தான்: ‘பிக் இட் அப்’. ‘பிக் அப் இட்’ என்றால் கேட்பவருக்குப் பல்லில் கல் கடித்த மாதிரி இருக்கும். ‘ஃபில் இட் இன்’, ‘புட் இட் ஆஃப்’, ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’, ‘டேக் தெம் ஆஃப்’ எல்லாம் இதே கணக்கு.

சில ஜோடிகள் ஒட்டிப் பிறந்தவை, நடுவில் யாரையும் விடாது. ‘லுக் ஆஃப்டர் ஹர்’தான், ‘லுக் ஹர் ஆஃப்டர்’ கிடையாது. மூன்று சொல்லாக வருகிற ‘புட் அப் வித்’, ‘ரன் அவுட் ஆஃப்’ போன்றவையும் பெரும்பாலும் அப்படித்தான். எது பிரியும், எது பிரியாது என்று பட்டியல் மனப்பாடம் செய்ய வேண்டாம். நோட்டில் எழுதும்போதே ‘இட்’ அல்லது ‘ஹர்’ போட்டு ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் காது பார்த்துக்கொள்ளும்.

ஆறாம் படி: நன்னூலை வைத்துக் காதைத் தீட்டுங்கள்

பேசினால் புரியவில்லை, எழுதிக் காட்டினால் புரிகிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். காரணம் ஆங்கிலம் பேசுகிறவரின் வேகம் அல்ல, புணர்ச்சி. ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்று பள்ளியில் நன்னூல் படித்தோமே, மெய்யில் முடிகிற சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்குகிற சொல் வந்தால் ஏறி உட்கார்ந்துவிடும் என்று. ஃப்ரேசல் வெர்ப்பின் குட்டிச்சொற்களைப் பாருங்கள்: அப், ஆஃப், அவுட், ஆன், இன், அவே, ஓவர். பெரும்பாலும் உயிர் முதல். வினைகள்? பிக், புட், டேக், கெட், கம், ரன். மெய் ஈறு. ஒட்டாமல் என்ன செய்யும்?

‘பிக் இட் அப்’ காதில் ‘பிக்கிட்டப்’ என்று விழும், அமெரிக்கர் வாயில் ‘பிக்கிடப்’. ‘டேக் இட் ஆஃப்’ என்பது ‘டேக்கிட்டாஃப்’. நமக்கு இது புதிதும் இல்லை. ‘கமான்’ என்று மைதானத்தில் கத்துகிறோம், சினிமா மாமனார் மருமகனைப் பார்த்து ‘கெட்டவுட்’ என்கிறார். இரண்டும் புணர்ந்த வடிவங்கள்தான். தினம் பத்து நிமிடம், ஜோடிகளை இப்படிச் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். வாய் சேர்த்துச் சொன்னால் காது பிரித்துக் கேட்டுவிடும்.

அழுத்தமும் முக்கியம். வினையாக வரும்போது குட்டிச்சொல்லில் அழுத்தம் விழும். ‘த பஸ் புரோக் டவுன்’ என்றால் ‘டவுன்’ ஓங்கும். பெயராக வரும்போது, ‘பிரேக் டவுன்’ என்று முதல் பாதி ஓங்கும். அதே ‘புரோக் டவுன்’ மனிதருக்கு வந்தால் தாங்காமல் அழுதுவிட்டார் என்று பொருள், அதைச் சம்பவம்தான் சொல்லும்.

ஏழாம் படி: குட்டிச்சொல்லின் குணம்

முப்பது நாற்பது சேர்ந்த பிறகு நோட்டைப் புரட்டினால், குட்டிச்சொற்களுக்கு ஒரு குணம் இருப்பது தானாகத் தெரியும். ‘அப்’ பல இடங்களில் நம் ‘விடு’ செய்கிற வேலையைச் செய்கிறது. ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’: சாப்பிட்டுவிடு, குடித்துவிடு, பயன்படுத்தித் தீர்த்துவிடு. ‘ஆன்’ நம் ‘கொண்டிரு’: ‘கேரி ஆன்’, ‘கீப் ஆன்’, ‘கோ ஆன்’. ‘டவுன்’ என்றால் குறைவது, அடங்குவது: ‘ஸ்லோ டவுன்’, ‘காம் டவுன்’, ‘கட் டவுன்’. ‘ஆஃப்’ விலகுவது, ‘அவுட்’ காலியாவது அல்லது வெளிச்சத்துக்கு வருவது.

இதை முதல் நாளே சொல்லித்தருகிற ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சூத்திரத்தை முதலில் கொடுத்தால் பிள்ளைகள் தாங்களாகவே ஜோடி தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம், விதிவிலக்குகள் சகட்டுமேனிக்கு உண்டு. ‘டர்ன் டவுன்’ ரேடியோவுக்குச் சொன்னால் சத்தத்தைக் குறைப்பது, சம்பந்தம் பேசுகிற இடத்தில் சொன்னால் வேண்டாம் என்று மறுப்பது. படிவத்தை ‘ஃபில் இன்’ செய்தாலும் ‘ஃபில் அவுட்’ செய்தாலும் ஒன்றுதான். உள்ளேயும் வெளியேயும் எப்படி ஒன்றாகும் என்று அவர்களிடமே கேட்டாலும் பதில் வராது.

எட்டாம் படி: நம் ஊர்ச் சரக்கு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் மட்டும் ஓடுகிற சில நாணயங்கள் உண்டு. ‘பாஸ்ட் அவுட்’ கதை பார்த்தோம். பிரிட்டனில் ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு அந்தப் பொருளில் வரும், கல்லூரிக்கு ‘கிராஜுவேட்டட்’தான். ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ நாம் போட்டது, ‘கோப் வித்’ போதும். ‘டிஸ்கஸ் அபவுட்’ கிடையாது, ‘டிஸ்கஸ்’ மட்டும். ‘ரிட்டர்ன்’ என்றாலே திரும்புவதுதான், ‘பேக்’ தேவையில்லை. ‘ஃபேனை ஆஃப் பண்ணு’ தமிழில் அழகு, ஆங்கிலத்தில் ‘ஆஃப் த ஃபேன்’ என்றால் வினையே காணோம்; ‘ஸ்விட்ச் ஆஃப்’ வேண்டும். போனை ‘கட்’ செய்வது ‘ஹேங் அப்’. கூட்டத்தை முன்னுக்குக் கொண்டுவர ‘பிரிபோன்’ என்கிறோம், நல்ல சொல்தான், ஆனால் வெளிநாட்டு பையருக்கு ‘பிரிங் ஃபார்வர்ட்’ எழுதுங்கள்.

இவற்றைச் சொல்கிறவரைக் கேலி செய்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. எனக்குப் பிடிக்காது. கண்டக்டரிடம் ‘கெட் டவுன்’ என்றால் வேலூர் முழுக்கப் புரியும், அசாம்காரருக்கும் புரியும். ஊருக்குள் அது செல்லும் காசு. தேர்வுக்கும் வெளிநாட்டுக்கும் போகும்போது மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்: பஸ், ரயிலுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’, ஆட்டோ, காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’.

ஒன்பதாம் படி: மரபுத்தொடருக்கு உப்பு அளவு

‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று பள்ளியில் படித்ததை இன்டர்வியூவில் இறக்கிவைக்கத் துடிக்கிறவர்கள் அதிகம். இப்போது பேச்சில் அது அபூர்வம். மரபுத்தொடரில் என் கணக்கு இது: பத்தைப் புரிந்துகொள்ளுங்கள், ஒன்றைச் சொல்லுங்கள்.

புரிந்துகொள்வதற்கு மறுபடியும் தமிழ்தான் துணை. ‘வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்’ என்பது அச்சு அசலாக நம் ‘கைகழுவுவது’. ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்றால் கண்டும் காணாமல் விடுவது. ஒரே கல்லில் நமக்கு இரண்டு மாங்காய், அவர்களுக்கு இரண்டு பறவை. நம் திருநெல்வேலிக்கு அல்வா மாதிரி அவர்கள் நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோகிறார்கள். ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ என்பதற்கு அத்தி பூத்தாற்போல என்று சொல்லலாம்; என் வகுப்பில் பாலாற்றில் வெள்ளம் வந்தாற்போல என்று சொல்வோம். 2021 நவம்பரில் வந்தபோது கரைபுரண்டு போனது. ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலில் இருப்பவர்கள் ‘டேன் யுவர் ஹைடு’ என்ற மிரட்டலைக் கேட்டவுடன் சிரித்துவிடுவார்கள். ‘டேன்’ அவர்கள் வேலை, ‘ஹைடு’ அவர்கள் சரக்கு. நாம் தோலை உரிப்பேன் என்பதோடு நிறுத்துகிறோம், அவர்கள் பதனிட்டும் விடுகிறார்கள்.

முகம் ஒன்று போலிருந்து குணம் மாறியவைதான் ஆபத்து. ‘புல்லிங் யுவர் லெக்’ என்றால் சும்மா கலாய்ப்பது. நம் ‘காலை வாரிவிட்டான்’ துரோகம். ஆபீஸில் ஒரு பிரிட்டிஷ்காரர் ‘ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்’ என்று சிரித்தபடி சொன்னதற்கு, மனம் நொந்து இரண்டு நாள் பேசாமலிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ‘கோல்ட் ஃபீட்’ என்றால் கடைசி நேரத்தில் தைரியம் கைவிடுவது. கால் ஜில்லிட்டுவிட்டது என்று நம் வீட்டில் சொன்னால் ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

எழுத்தில் வேறு உடுப்பு

இது சுருக்கமான விஷயம். பேங்க் மேனேஜருக்கோ அலுவலகத்துக்கோ கடிதம் எழுதும்போது ‘புட் ஆஃப்’ போய் ‘போஸ்ட்போன்’ வரும், ‘ஃபைண்ட் அவுட்’ போய் ‘என்கொயர்’ வரும். ‘தண்ணி குடி’க்கும் ‘நீர் அருந்தவும்’ என்பதற்கும் உள்ள தூரம்தான். ஆனால் ‘செட் அப்’, ‘கேரி அவுட்’, ‘பாயிண்ட் அவுட்’ போன்றவை எழுத்திலும் மரியாதையாகவே நடமாடும்.

கடைசிப் படி: காட்பாடியில் ஏறுங்கள்

பேசிப் பழக ஆள் இல்லை என்பது எல்லாரும் சொல்கிற காரணம். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கண்ணில் படுகிறதை எல்லாம் மனதுக்குள் ஃப்ரேசல் வெர்ப்பிலேயே ஓட்டிப் பாருங்கள். பெட்டியில் ஏறுவது ‘கெட் ஆன்’. ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்க அண்ணே’ என்பது ‘மூவ் ஓவர்’. நாலு பேர் சீட்டில் ஐந்தாவதாக நுழைவது ‘ஸ்குவீஸ் இன்’. வண்டி புறப்படுவது ‘செட் ஆஃப்’, வழியனுப்ப வந்தவர் கையசைப்பது ‘சீ ஆஃப்’. எதிர் சீட்டுத் தாத்தா தூங்கி வழிவது ‘டோஸ் ஆஃப்’. சமோசா தீர்ந்துபோனது ‘ரன் அவுட்’. யாரோ போனில் சத்தமாகப் பேசுவதைப் பொறுத்துக்கொள்வது ‘புட் அப் வித்’. வார்த்தை சிக்காத இடத்தைத் தமிழிலேயே நோட்டில் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தேடுங்கள். அந்த வாரத்து ஐந்து அதிலிருந்தே கிடைத்துவிடும்.

பெரம்பூர் தாண்டினதும் வண்டி வேகம் குறையும், ‘ஸ்லோ டவுன்’. பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகரலாம். இறங்குவதற்கு என்ன என்று யாராவது கேட்டால், வாய் முதலில் ‘கெட் டவுன்’ என்றுதான் போகும். பரவாயில்லை, ‘கெட் ஆஃப்’ என்று திருத்திக்கொண்டு இறங்குங்கள்.